சகாராவில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

சகாரா என்றதும் நம் மனத்தில் வருவது நாட்காட்டிப் படம்தான்: அலை அலையாக மணல்மேடு, அதன் முகட்டில் ஒட்டக வரிசை, பின்னால் சிவந்த சூரியன். படம் பொய்யல்ல. ஆனால் அப்படி மணல் போர்த்திய நிலம் சகாராவில் ஏறக்குறைய கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் பாறை, சரளைக்கல், மலை, உப்புப் பூத்த பள்ளம். மணலையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பாலைவனம் பிடிபடாது. தண்ணீரைப் பின்தொடர்ந்தால் பிடிபடும். மழை ஏன் வருவதில்லை, முன்பு எப்போது வந்தது, வந்த நீர் எங்கே போயிற்று, இருக்கிற கொஞ்சத்தை யார் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். சகாராவின் பரப்பு சுமார் 92 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மேற்கே அட்லாண்டிக் கடற்கரையில் தொடங்கிக் கிழக்கே செங்கடல் வரை சுமார் 4,800 கிலோமீட்டர் நீள்கிறது. வடக்கே அட்லஸ் மலைகளும் மத்தியதரைக் கடலும் எல்லை. தெற்கே அப்படித் தெளிவான எல்லை கிடையாது. புல்லும் முள்மரமும் மெல்லத் தலைகாட்டும் சாஹேல் என்ற பகுதியில் கரைந்துபோகிறது. மொராக்கோ, மேற்கு சகாரா, மௌரித்தானியா, மாலி, அல்ஜீரியா, துனீசியா, லிபியா, நைஜர், சாட், எகிப்து, சூடான் என்று பதினொரு பெயர்கள் வரைபடத்தில் இதன்மேல் எழுதப்பட்டிருக்கின்றன. உலகின் மிகப் பெரிய பாலைவனம் என்று சொல்வது வழக்கம். சரியாகச் சொன்னால் மிகப் பெரிய வெப்பப் பாலைவனம். மழைக்குறைவை மட்டும் அளவுகோலாக வைத்தால் அன்டார்க்டிகா இதைவிடப் பெரியது.

நிலத்தின் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மணற்கடல் 'எர்க்'. சரளைக்கல் பரவிய சமவெளி 'ரெக்'. மண்ணையெல்லாம் காற்று துடைத்தெடுத்துவிட்டபின் எஞ்சிய வெறும் பாறைப் பீடபூமி 'ஹமாடா'. வண்டியின் டயரையும் ஒட்டகத்தின் பாதத்தையும் பதம் பார்ப்பது இதுதான். இவற்றுக்கு நடுவே மலைகள். சாட் நாட்டின் திபெஸ்தி மலைத்தொடரில் எமி கூசி என்ற எரிமலை 3,415 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. நம் ஆனைமுடியைவிட எழுநூறு மீட்டர் அதிகம். எகிப்தின் கத்தாரா பள்ளமோ கடல்மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே கிடக்கிறது. மலைகள் இருப்பதால் அபூர்வமாக வரும் மேகம் கொஞ்சமாவது தடுக்கப்படுகிறது. பாறை இடுக்குகளில் நீர் தேங்குகிறது. அந்தச் சுனைக்குக் 'குவெல்டா' என்று பெயர். மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆறு 'வாடி'. ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடக்கும் வாடியின் நடுவே கூடாரம் போடுவது ஆபத்து. எங்கோ தொலைவில் மலையில் பெய்த மழை, வானம் வெளுத்துக் கிடக்கும் இடத்துக்கும் வெள்ளமாக வந்து சேர்ந்துவிடும்.

மழை ஏன் வருவதில்லை?

தெற்கு அல்ஜீரியாவில் தமன்ராசெட் என்ற ஊர் இருக்கிறது. கொல்கத்தாவும் அதுவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. இரண்டும் கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே. கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தமன்ராசெட்டில் 50 மில்லிமீட்டர் பெய்தால் பெரிது. லிபியா, எகிப்து எல்லையை ஒட்டிய கிழக்குச் சகாராவில் அதுவும் கிடையாது. சில இடங்களில் ஆண்டுகள் பல மழையே இல்லாமல் கழியும்.

காரணம் நிலநடுக்கோட்டில் தொடங்குகிறது. அங்கே வெயிலில் சூடான ஈரக்காற்று மேலே எழுகிறது. உயரப் போகப்போகக் குளிர்ந்து, சுமந்த ஈரத்தையெல்லாம் காங்கோ காடுகளின்மேல் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரம் இழந்த அந்தக் காற்று வானத்தின் உயரத்திலேயே வடக்கும் தெற்குமாகப் பரவி, 20 முதல் 30 பாகை அட்சரேகைகளில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்றைச் சுற்றியுள்ள காற்று அழுத்துகிறது. அழுத்தப்பட்டால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே சங்கதிதான். சூடாகிக்கொண்டே இறங்கும் காற்றில் மேகம் திரள முடியாது. சகாரா முழுவதும் இப்படி இறங்கும் காற்றின் கீழே கிடக்கிறது. மேற்குக் கரையில் அட்லாண்டிக்கின் குளிர்ந்த கேனரி நீரோட்டம் ஓடுவதால் அங்கே மூடுபனி வருமே தவிர மழை அரிது.

அப்படியானால் கொல்கத்தா எப்படித் தப்பித்தது? தென்மேற்குப் பருவக்காற்றால். கோடையில் ஆசிய நிலப்பரப்பு சூடேறும்போது இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆப்பிரிக்காவிலும் ஒரு பருவக்காற்று உண்டு. அது சாஹேல் வரை வந்து திரும்பிவிடுகிறது. இதில் வேடிக்கையான ஒரு தொடர்பு இருக்கிறது. இந்தியாவில் பருவமழை கொட்டும்போது வளிமண்டலத்தில் வெளியாகும் வெப்பம், அதற்கு மேற்கே கிழக்குச் சகாரா வரையிலான பகுதியில் காற்று கீழிறங்குவதை இன்னும் வலுப்படுத்துகிறது என்று 1996இல் வெளியான கணினி மாதிரி ஆய்வு ஒன்று காட்டியது. நம் பக்கம் மழை வலுத்தால் அந்தப் பக்கம் வறட்சிக்கும் வலு கூடுகிறது.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பழைய பொது அறிவுப் புத்தகங்களில் இன்றும் இருக்கும் ஒரு தகவலைத் திருத்திக்கொள்ளலாம். லிபியாவின் அல் அஜீசியாவில் 1922இல் பதிவான 58 டிகிரி செல்சியஸ் உலக உச்ச வெப்பநிலை என்று பல தலைமுறைகள் மனப்பாடம் செய்தன. உலக வானிலை அமைப்பு அதைத் தீவிரமாக ஆராய்ந்து 2012இல் தள்ளுபடி செய்துவிட்டது; அனுபவமில்லாத ஒருவர் கருவியைத் தவறாகப் படித்திருக்க வேண்டும் என்பது முடிவு. நம்பத்தகுந்த அளவு என்றால், அல்ஜீரியாவின் வர்க்லாவில் 2018 ஜூலையில் 51.3 டிகிரி பதிவானதைச் சொல்லலாம். அதே அல்ஜீரியாவில், பாலைவனத்தின் வடக்கு விளிம்பில் உள்ள ஐன் செஃப்ரா என்ற ஊரின் செம்மணல்மேடுகளில் அதே 2018 ஜனவரியில் பனி விழுந்து கிடந்தது. மேகமும் ஈரமும் இல்லாத வானம் பகல் வெப்பத்தை இரவில் பிடித்துவைப்பதில்லை. குளிர்கால இரவுகளில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும்.

ஏரிகள் இருந்த காலம்

சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை சகாராவின் பெரும்பகுதி புல்வெளியாக இருந்தது. ஏரிகள், ஆறுகள், நீர்யானைகள், மீன்பிடித்து வாழ்ந்த மனிதர்கள் எல்லாம் இருந்தார்கள். பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுழல்வது இதற்குக் காரணம். அந்தச் சுழற்சி ஒன்று முடிய இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. இப்போது பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரியில். அன்று வடகோளத்தின் கோடையில் வந்தது. கோடை வெயில் கூடியது, நிலம் கூடுதலாகச் சூடேறியது, சாஹேலோடு நின்றுவிடும் பருவக்காற்று பல நூறு கிலோமீட்டர் வடக்கே ஏறிவந்து மழை கொடுத்தது. அச்சு நகர நகர மழை பின்வாங்கியது.

சான்றுகள் பாறைகளிலேயே இருக்கின்றன. அல்ஜீரியாவின் தசிலி நஜ்ஜேர் பீடபூமியில் 15,000க்கும் மேற்பட்ட ஓவியங்களும் செதுக்கல்களும் உள்ளன. 1982இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. முந்தைய காலத்து ஓவியங்களில் காட்டு விலங்குகள், பிறகு மாட்டு மந்தைகள், கடைசியில்தான் ஒட்டகம். காலநிலை மாறிய கதையை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. நைஜரில் கோபெரோ என்ற இடத்தில் 2000ஆம் ஆண்டு டைனோசர் எலும்பு தேடிப்போன பால் செரினோவின் குழு, மனித எலும்புகள் நிறைந்த இடுகாட்டைக் கண்டது. வற்றிப்போன ஏரியின் கரை அது. ஒரு குழியில் ஒரு பெண்ணும் இரு குழந்தைகளும் கைகோத்தபடி கிடந்தார்கள். அவர்கள் இறந்து ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. நானூறு பக்கம் எழுதினாலும் காலநிலை மாற்றத்தை இவ்வளவு அருகில் கொண்டுவர முடியாது என்று தோன்றுகிறது.

அன்றைய ஏரிகளில் பெரியது சாட் ஏரி. இன்று சுருங்கிக் கிடக்கும் அது, அன்று காஸ்பியன் கடலுக்கு நிகரான பரப்பில் விரிந்திருந்தது. அதன் அடிப்பகுதி இப்போது போதெலே பள்ளம் என்ற வறண்ட தரை. ஏரியில் வாழ்ந்து மடிந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் அங்கே வெண்மையாகப் படிந்திருக்கின்றன. திபெஸ்தி, என்னெடி என்ற இரு மலைப்பகுதிகளுக்கு நடுவே நெருக்கப்பட்டுச் சீறிவரும் காற்று இந்தப் பொடியை அள்ளிக்கொண்டு மேற்கே போகிறது. உலகிலேயே அதிகமாகத் தூசு கிளம்பும் இடங்களில் இது முதன்மையானது. அந்தத் தூசு அட்லாண்டிக்கைக் கடந்து தென் அமெரிக்காவை அடைகிறது. அமேசான் படுகையில் ஆண்டுக்குச் சராசரியாக 2.77 கோடி டன் சகாராத் தூசு விழுகிறது என்றும் அதில் 22,000 டன் பாஸ்பரஸ் இருக்கிறது என்றும் நாசாவின் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2015இல் கணக்கிட்டார்கள். மழையில் கரைந்து அமேசான் மண் இழக்கும் பாஸ்பரஸும் ஏறக்குறைய இதே அளவுதான். சகாராவின் செத்துப்போன ஏரி, உலகின் மிகப் பெரிய மழைக்காட்டுக்கு உரமிடுகிறது.

நீரில்லாமல் பிழைப்பவை

சாட் நாட்டின் என்னெடியில் ஆர்ச்சேய் என்ற குவெல்டா இருக்கிறது. உயரமான பாறைச் சுவர்களுக்கு நடுவே கறுத்த நீர். மேய்ப்பவர்கள் ஒட்டகங்களை அங்கே கூட்டமாக ஓட்டிவந்து நீர் காட்டுகிறார்கள். ஒட்டகச் சாணத்தில் பாசி வளர்கிறது, பாசியை மீன் தின்கிறது, மீனை முதலை தின்கிறது. ஆம், பாலைவனத்தின் நட்டநடுவில் முதலை. ஏரிகள் இருந்த காலத்தில் பரவியவை, ஏரிகள் வற்றியபின் இந்தச் சுனையில் சிறைப்பட்டுத் தங்கிவிட்டன.

மற்ற உயிர்களுக்கு இந்த வசதி இல்லை. ஜெர்போவா என்ற துள்ளும் எலி தண்ணீர் குடிக்காமலேயே வாழும். தின்னும் செடியிலும் விதையிலும் உள்ள ஈரமே அதற்குப் போதும். ஃபெனெக் நரி வீட்டுப் பூனையைவிடச் சிறியது, காதுகள் மட்டும் அளவுக்கு மீறிப் பெரியவை. அவை உடல் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. மணலுக்கடியில் ஊரும் பூச்சியின் அரவத்தையும் பிடிக்கின்றன. அடாக்ஸ் என்ற மறிமான் கோடையில் வெளுத்து, குளிர்காலத்தில் பழுப்பாகிறது. மணலில் புதையாத அகன்ற குளம்பு அதற்கு. காட்டில் இன்று நூறு அடாக்ஸ்கூட எஞ்சியிருக்காது. எண்ணெய் தேடலும் துப்பாக்கியும் செய்த வேலை. அதன் உறவான வளைகொம்பு ஓரிக்ஸ் மான் 2000இல் காட்டிலிருந்து அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அபுதாபியில் வளர்த்த மந்தைகளை 2016 முதல் சாட் நாட்டில் கொண்டுவந்து விட்டதில் இப்போது மறுபடியும் குட்டி போட்டுப் பெருகிவருகிறது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட வியப்பளிப்பது எறும்பு. சகாராவின் வெள்ளி எறும்பு உச்சி வெயிலில்தான் இரை தேடப் புறப்படும். அந்த வெயிலில் அதைத் தின்னும் பல்லிகள் வளைக்குள் ஒதுங்கியிருக்கும். வெப்பம் தாங்காமல் செத்த பூச்சிகளும் கிடைக்கும். ஆனால் வெளியே இருக்க அதற்குச் சில நிமிடங்களே உண்டு. தாமதித்தால் அதுவும் செத்துவிடும். உடலை மூடிய முக்கோண வடிவ ரோமங்கள் ஒளியைத் திருப்பியடித்து வெப்பத்தைக் குறைக்கின்றன. அதன் உறவினமான இன்னொரு பாலைவன எறும்பு, வளைக்குத் திரும்பும் தூரத்தை அடிகளை எண்ணியே கணிக்கிறது. 2006இல் வெளியான சோதனையில், இரைக்கு அருகே அந்த எறும்புகளின் கால்களில் பன்றி மயிரை ஒட்டி நீளமாக்கினார்கள். எறும்புகள் அதே எண்ணிக்கை அடிகளை வைத்து, வளையைத் தாண்டிப் போய்த் தேடின.

ஒட்டகத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி போதும்: அது சகாராவின் பூர்வகுடி அல்ல. அரேபியாவிலிருந்து வந்தது, கிறிஸ்து பிறப்புக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளில்தான் சகாராவெங்கும் பரவியது. திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் அல்ல. தாகத்தோடு வந்தால் பத்துப் பதினைந்து நிமிடங்களில் நூறு லிட்டர் குடிக்கும். அது வந்தபிறகுதான் பாலைவனத்தைக் கடப்பது ஒரு தொழிலாக மாறியது.

உப்பின் பாதை

தெற்கே தங்கம் இருந்தது, உப்பு இல்லை. நடுச் சகாராவில் உப்பு இருந்தது, வேறொன்றும் இல்லை. இந்த வேறுபாட்டின்மேல்தான் பல நூற்றாண்டு வணிகம் நடந்தது. டிம்பக்டு போன்ற நகரங்கள் எழுந்தன. மொராக்கோப் பயணி இப்னு பதூதா 1352இல் சிஜில்மாசாவிலிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு தெற்கே புறப்பட்டு, 25 நாளில் தகாசா என்ற உப்புச் சுரங்க ஊரை அடைந்தார். வீடுகளும் பள்ளிவாசலும் உப்புக்கட்டியால் கட்டப்பட்டவை, கூரை ஒட்டகத்தோல். மரம் கிடையாது. உப்பை வெட்டியவர்கள் அடிமைகள். ஊர்த் தண்ணீரும் உப்புக் கரித்தது, ஈ மொய்த்தது, அந்த ஊரை அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை.

அவர் குறித்துவைத்தவற்றில் மிக முக்கியமானது 'தக்ஷிஃப்' என்ற ஆளைப் பற்றியது. தகாசாவுக்குத் தெற்கே நீரில்லாத நீண்ட பாதை. அதனால் மசூஃபா குலத்து ஆள் ஒருவருக்கு நூறு மித்கால் (அந்நாளைய நிறை அளவு) பொன் கூலி பேசி, கடிதங்களோடு தனியாக முன்னே அனுப்புவார்கள். அவர் வலாட்டா ஊரை அடைந்து செய்தி சொன்னால், அங்குள்ளவர்கள் நான்கு நாள் பயணத் தொலைவு எதிரே வந்து கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்த ஆள் வழியில் மாண்டுபோனால் வலாட்டாவுக்குச் செய்தியே போகாது. பின்னால் வரும் கூட்டம் முழுவதும், அல்லது அதில் பெரும்பகுதி, அழிந்துவிடும். இப்னு பதூதாவின் வழிகாட்டிக்கு ஒரு கண் பார்வை போய்விட்டது, மற்றொன்றும் நோயுற்றது. ஆனாலும் அவரைவிடப் பாதை அறிந்தவர் இல்லையாம்.

அந்தத் தொழில் முற்றிலும் மறையவில்லை. மாலியின் தவுதெனியில் இன்றும் பலகை பலகையாக உப்பு வெட்டுகிறார்கள். ஒட்டகத்தோடு லாரியும் சேர்ந்துகொண்டது. லாரி என்றதும் தெனெரே மரம் நினைவுக்கு வருகிறது. நைஜரின் தெனெரே வெளியில் தன்னந்தனியாக நின்ற வேல மரம் அது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கும் மிக அப்பால்வரை வேறு மரம் கிடையாது. அருகே கிணறு தோண்டியபோது அதன் வேர்கள் முப்பது மீட்டருக்கும் ஆழத்தில் நீரைத் தொட்டிருப்பது தெரிந்தது. 1973இல் ஒரு லாரி மோதிச் சாய்த்துவிட்டது. ஓட்டுநர் குடித்திருந்தார் என்பார்கள். மரத்தின் மிச்சம் நியாமி நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீரை அளப்பவர்கள்

சகாராவில் வாழ்பவர்கள் ஒரே இனமல்ல. நடுப்பகுதியில் துவாரெக் மக்கள்; இங்கே முகத்தை மூடுபவர்கள் ஆண்கள், அவுரி நீலத் துணியால். தமாஷெக் மொழியும் திஃபினாக் என்ற சொந்த எழுத்தும் இவர்களுக்கு உண்டு. திபெஸ்தியில் தூபு மக்கள். மேற்கே ஹஸ்ஸானியா அரபி பேசும் மூர்களும் சஹ்ராவிகளும். மேற்கு சகாராவை ஆண்டுவந்த ஸ்பெயின் 1975இல் வெளியேற முடிவெடுத்தபின் அங்கே மொராக்கோ நுழைந்ததால் சஹ்ராவிகளில் பலர் அல்ஜீரியாவின் திந்தூஃப் முகாம்களில் தலைமுறைகளைக் கழித்துவிட்டார்கள். ஐரோப்பியர் அளவுகோல் வைத்துக் கிழித்த எல்லைகள் மேய்ச்சல் பாதைகளை வெட்டின. 1968இல் தொடங்கிய சாஹேல் வறட்சியும் எண்பதுகளில் வந்த வறட்சியும் மந்தைகளைக் கொன்றன. கூடாரத்தில் வாழ்ந்த பலர் நகரங்களின் ஓரத்துக்கு வந்தார்கள். பிரான்ஸ் 1960 பிப்ரவரி 13 அன்று அல்ஜீரியச் சகாராவின் ரெக்கானில் தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அதற்கு அது வைத்த பெயர் 'நீல ஜெர்போவா'. 1966 வரை மொத்தம் 17 சோதனைகள். 'ஆளில்லாத வெளி' என்று வெளியாட்கள் சகாராவைச் சொல்லும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் சகாராவில் பெரும்பாலானோர் நாடோடிகள் அல்லர், பாலைவனச் சோலைகளில் குடியிருப்பவர்கள். சோலை தானாக முளைப்பதில்லை, மனிதர் உண்டாக்குவது. மேலே பேரீச்சை நிழல் தரும். அதன் கீழே மாதுளை, அத்தி. அதற்கும் கீழே பார்லியும் காய்கறியும். பேரீச்சையில் ஆண் மரம், பெண் மரம் வேறு வேறு என்பதால் மரத்துக்கு மரம் ஏறி மகரந்தத்தைக் கையால் சேர்க்கிறார்கள்.

அல்ஜீரியாவின் துவாத், திதிகெல்த் பகுதிகளில் இந்தத் தோட்டங்களுக்கு நீர் 'ஃபொகாரா' வழியே வருகிறது. மேட்டு நிலத்தின் அடியில் ஈரம் உள்ள மட்டத்திலிருந்து ஊர்வரை மிக மெல்லிய சரிவில் சுரங்கக் கால்வாய் வெட்டுவார்கள். காற்றுக்கும் தூர்வாரலுக்கும் இடையிடையே செங்குத்துக் குழிகள். நீர் தானாக வழிந்து வரும். இறைக்க ஆளோ மாடோ வேண்டாம். ஊரில் வெளிப்பட்டதும் சீப்புப் பல்போல் வெட்டிய கற்பலகை நீரைப் பிரிக்கும். ஒவ்வொரு பல்லின் இடைவெளியும் ஒரு குடும்பத்தின் பங்கு. பங்கை விற்கலாம், சீதனம் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். துளையிட்ட செப்புத் தகட்டால் நீரை அளந்து, பங்கைக் கணக்கிட்டு, ஏட்டில் பதிவதற்கென்றே நீரளப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அறிவு அழியும் நிலையில் உள்ளதாக 2018இல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. காரணங்களில் ஒன்று ஆழ்துளைக் கிணறு. பக்கத்தில் மோட்டார் போட்டு இறைத்தால் நிலத்தடி மட்டம் இறங்கும், சுரங்கம் வறண்டுவிடும்.

அந்த நிலத்தடி நீர் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, மழைக்காலங்களில் பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்தது. எகிப்து, லிபியா, சாட், சூடான் ஆகிய நான்கு நாடுகளின் அடியில் நூபிய மணற்கல் படுகை இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருக்கிறது. ஐம்பதுகளில் லிபியாவில் எண்ணெய்க்குத் துளையிட்டவர்கள் தண்ணீரையும் கண்டார்கள். 1984இல் தொடங்கிய 'மனிதன் செய்த மாபெரும் ஆறு' திட்டம், நான்கு மீட்டர் விட்டமுள்ள குழாய்களில் அந்த நீரைக் கடலோர நகரங்களுக்குக் கொண்டுபோகிறது. எகிப்தும் தன் மேற்குப் பாலைவனத்தில் வட்ட வட்டமாக வயல்கள் அமைத்திருக்கிறது. இந்த நீர் திரும்ப ஊறுவதில்லை என்றே சொல்லலாம்; இன்றைய மழை அதற்குக் காணாது. 2013 செப்டம்பரில் நான்கு நாடுகளும் வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் முன்னிலையில் படுகையைப் பகிர்ந்து பயன்படுத்தும் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டன. நீரின் வயதை அதிலுள்ள ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, கொண்டு கணித்துத் தருவது அந்த முகமைதான். இறைப்பதில் பெரும்பங்கு எகிப்துக்கும் லிபியாவுக்கும். சாட் இதுவரை எடுத்தது மிகக் குறைவு.